கடலுக்கு மேலா, கீழா

அக்டோபர் 23, 2017. திங்கள்

இந்தக் கொப்பியை வாங்கச் சொன்னது காது டொக்டர். இடது காதில் சத்திரசிகிச்சை செய்து இன்றோடு பதினோரு நாள். இரைச்சல் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாவற்றையும் திகதி போட்டு எழுத வேண்டுமாம். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். காது உங்களுடையது, உங்களுக்கு விளங்கினால் சரி என்றார். நல்ல மனுசன். வருடம் முடியும்வரை விமானம் ஏறக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஐம்பத்தேழு வயதில் தவமலர் நாட்குறிப்பு எழுதுகிறாள். காலை ஐந்து மணிக்கு இரைச்சல் இல்லை. வேலைக்குப் போகாததால் ஐந்து மணிக்கு எழும்பி என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கே பரிஸ் நகரத்தில் இருபது வருடமாக அந்த நேரம் ஏதோ ஒரு அலுவலகத்தில் அடுத்தவன் மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். இன்று என் மேசையைத் துடைத்தேன்.

அக்டோபர் 25

பின்னேரம் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இரைச்சல். உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2

தர்மினிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. இலண்டனில் இருந்து மருமகன் சேந்தன் தொலைபேசி எடுத்தார். வயிறு வெட்டித்தான் எடுத்தார்களாம். தாயும் பிள்ளையும் சுகம்.

"பெடியன்!" என்று இவர், என் வீட்டுக்காரர், வீடு அதிரக் கத்தினார். எங்கள் ஒரே மகளின் முதல் பிள்ளை, கத்தத்தானே வேண்டும். நான் அடுப்பை நிறுத்தக் குசினிக்குள் ஓடினேன். அடுப்பு ஏற்கெனவே நிறுத்தித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இரைச்சல் இரண்டு மணித்தியாலம்.

நவம்பர் 5. ஞாயிறு

தர்மினி முதன்முறையாகக் கட்டிலில் நிமிர்ந்திருந்து கதைத்தாள். முகம் வெளிறிப் போயிருக்கிறது. பிள்ளையைக் காட்டென்றால் கமராவைத் திருப்பித் தொட்டிலைக் காட்டினாள். தூக்கிக் காட்டவில்லை. வெட்டின வயிறு, நோகும்தானே.

"அம்மா, சேந்தனுக்கு இருபத்தேழாம் திகதி வேலை தொடங்குது. அதுக்கு முதல் நீங்கள் வந்திடோணும். நான் பிள்ளையோடை தனிய நிக்கமாட்டன்."

"வராமல் எங்கை போறன்? பிளேனிலை ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், அதுதான் யோசிக்கிறன்."

"ரயிலிருக்கு. கப்பலிருக்கு. எதிலையெண்டாலும் வாங்கோ அம்மா."

பிறகு ஆண்கள் இரண்டு பேரும் தொடங்கினார்கள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடல். கடலுக்கு அடியில் துளை போட்டு அதற்குள் ரயில் விட்டிருக்கிறார்கள். பரிசில் ஏறினால் இரண்டேகால் மணித்தியாலத்தில் இலண்டன் என்று சேந்தன் சொன்னார். சுரங்கத்துக்குள் இருபது நிமிடம்தானாம். இவருக்குக் கப்பல்தான் பிடிக்கும். தமிழ்க்கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இருந்து சனிக்கிழமை தோறும் கேதீஸ் தம்பி இலண்டனுக்குப் பார்சல் வான் ஓட்டுகிறார். கலே துறைமுகத்தில் வானோடு கப்பலேறி ஒன்றரை மணித்தியாலத்தில் அக்கரையில், டோவரில் இறங்கலாம். பத்தியச் சரக்குத்தூள், கருவாடு, உரல் எல்லாம் கொண்டுபோகலாம், ஒருத்தரும் மூட்டையை எடைபோடமாட்டார்கள்.

ஐம்பது கிலோமீற்றர் துளை ஒன்றுக்குள் ரயில் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இப்போது காற்றுக்காலம், கப்பல் ஆடாதா என்றும் கேட்டேன். கேட்பது பயமில்லை. ஆராவது கேட்கத்தானே வேண்டும்.

இவர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சேர், சுரங்கத்துக்கை போனா ஊரிலை குண்டுக்குப் பதுங்கின பங்கர் ஞாபகம் வருமெண்டால் கப்பலிலை போ. கப்பலிலை போனா வள்ளம் ஞாபகம் வருமெண்டால் ரயிலிலை போ. ரெண்டும் வேண்டாமெண்டால் நீந்திப் போ."

கோப்பையைக் கழுவுகிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

நவம்பர் 8

லாச்சப்பல் போனேன். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் வாங்கினேன். பெத்தவளுக்குப் பத்தியத் தூள் வறுக்கிற நேரம் வீடு முழுக்க வாசம். மேல்வீட்டுப் பிரெஞ்சுக்காரி கதவைத் திறந்து மூக்கைச் சுழித்துவிட்டுப் பூட்டினாள். அவளுக்கு இது வழமை.

கேதீஸைக் கடை வாசலில் கண்டேன். "அக்கா, பதினெட்டாம் திகதி ஒரு சீற்று இருக்கு. முன்னுக்கு என்னோடை இருந்து வரலாம். ஒரு பயமுமில்லை, மேல்தட்டிலை போய் நிண்டா ரெண்டு கரையும் தெரியும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வாய் சொன்னது.

இரைச்சல்: கேதீஸோடு கதைத்த நேரம் தொடங்கி வீடு வரும்வரை.

நவம்பர் 9

இதுவரை எழுதியதை வாசித்தேன். வள்ளம் என்று இவர் சொன்னதை எழுதியிருக்கிறேன், ஆனபடியால் அதையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி, ஊரில் பேசாலைக் கரையில் இருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் போனோம். நானும் தர்மினியும் அவள் தம்பி நிரூபனும். இவர் அப்போதே பிரான்சில். தர்மினிக்கு ஆறு வயது. நிரூபனுக்குப் பத்து மாதம். மண்டபம் முகாமில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிழைக்கவில்லை.

இதற்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 13

டொக்டரிடம் போனேன். கடலுக்கு அடியில் போகிற ரயிலில் காற்றழுத்தம் மாறுமே, காது தாங்குமா என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றார். கப்பலில் தலைசுற்றுமே, தையல் விட்டுப்போகாதா என்று கேட்டேன். அதிலும் தாராளமாகப் போகலாம் என்றார். இரண்டில் எது ஆபத்துக் குறைவு என்று கேட்டேன். மெத்ரோவில் இங்கே வந்தீர்களே, அதுதான் மூன்றிலும் ஆபத்துக் கூடியது என்று சிரித்தார்.

இந்த மனுசனை நல்லவர் என்று எழுதியிருந்தேன். இரண்டையும் தடுத்திருந்தால் இன்னும் நல்லவராக இருந்திருப்பார்.

நவம்பர் 15

தர்மினி மத்தியானம் எடுத்தாள். சேந்தன் கடைக்குப் போய்விட்டாராம், அவர் வரும்வரை என்னோடு கதைக்க வேண்டுமாம். பிள்ளை எங்கே என்று கேட்டேன். அறைக்குள் படுக்கிறானாம். இவள் படிக்கட்டில் இருந்து கதைக்கிறாள்.

"அம்மா, பிள்ளைக்கு விற்றமின் சொட்டு தந்திருக்கினம். ஒரு நாளைக்கு அஞ்சு சொட்டு."

"குடுக்கவேண்டியதுதானே."

"ஒரு சொட்டுக் கூடிப்போனா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. விற்றமின்தானே."

"ரெண்டு சொட்டுக் கூடினா?"

"தர்மினி, உனக்கு வேறை வேலையில்லையோ?" என்று ஏசிவிட்டேன். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை பெத்த உடம்பு, அந்த நேரம் இப்படித்தான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயம் வரும். எல்லாருக்கும் வரும்.

அவள் அந்தக் கதையை விட்டுவிட்டு, "சனிக்கிழமை வருவீங்கள்தானே?" என்றாள்.

நவம்பர் 16

நாள் முழுக்க இரைச்சல். ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை.

நவம்பர் 17

பெட்டி கட்டியாயிற்று. பத்தியத் தூள் இரண்டு கிலோ, பால்சுறாக் கருவாடு, உள்ளி, நல்லெண்ணெய், பழைய வேட்டியில் கிழித்த பிள்ளைத் துணி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிள்ளைக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை. பெட்டியைத் தூக்கிப் பார்த்த இவர், "இதோடை நீ ஏறினா கப்பல் ஒரு பக்கம் சரியும்" என்றார். மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன்.

நவம்பர் 18. சனி

கலேயில் இருந்து பரிசுக்குத் திரும்புகிற ரயிலில் எழுதுகிறேன். நான் கப்பல் ஏறவில்லை.

விடிய நான்கரைக்குக் கேதீஸ் வந்தார். வழி முழுக்க நன்றாகத்தான் வந்தேன். அவர் இரண்டு தரம் கோப்பி வாங்கித் தந்தார், தன் மனைவிக்கும் மாமியாருக்கும் நடக்கிற சண்டையைச் சொன்னார், நானும் நியாயம் சொன்னேன். கலே வந்ததும் துறைமுகத்துக்குப் போகமுன் டீசல் அடிக்க நிறுத்தினார். நான் கழிப்பறைக்குப் போக இறங்கினேன். கடலில் இருந்து காற்று அடித்தது. உப்பும் டீசலும் சேர்ந்த மணம்.

வேறொன்றும் நடக்கவில்லை. அந்த மணம் மட்டும்தான். ஒரு கையால் டீசல் பம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கேதீஸ் ஓடி வந்தார். "அக்கா, என்ன செய்யுது? தலை சுத்துதோ?"

"நீர் போம் தம்பி."

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? உங்களை இஞ்சை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"நான் ரயிலெடுத்து வீட்டை போவன். சாமானை மட்டும் தர்மினியிட்டைக் குடும். கப்பலைத் தவறவிடாதையும்."

அவர் பாவம், மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னை ஸ்டேசனில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார். தூரத்தில் கப்பல் தெரிந்தது. நான்கு மாடி வீடுபோல வெள்ளையாக, ஆடாமல் அசையாமல் நின்றது. அதில் ஒரு பிழையும் இல்லை.

இனி இன்றைக்குப் பின்னேரம் என் பெட்டி தர்மினி வீட்டு வாசலில் இறங்கும். நான் இறங்கமாட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நவம்பர் 19

தர்மினிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. "பெட்டி வந்திட்டுது. பரவாயில்லை அம்மா" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்.

இவர் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

நவம்பர் 20. திங்கள்

இன்று சேந்தன் எடுத்தார். தெருவில் நின்று கதைத்தார், வாகனச் சத்தம் கேட்டது. என்னோடு அவர் தனியாகக் கதைப்பது மூன்று வருடத்தில் இதுதான் முதல் தரம்.

"மாமி, உங்களிட்டைச் சொல்லவேண்டாமெண்டு தர்மினி சத்தியம் வாங்கினவள். சொல்லாமல் இருக்கேலாமல் கிடக்கு. அவள் பிள்ளையைத் தனியத் தூக்கிறாளில்லை. நான் அறைக்குள்ளை நிண்டாத்தான் பால் குடுப்பாள். நான் குளிக்கப் போனா வந்து படிக்கட்டிலை குந்தியிருக்கிறாள். பிள்ளை கத்துறது கேக்கும், ஆனா உள்ளுக்குப் போகமாட்டாள்."

"உடம்பு ஏலாமல்..."

"உடம்பில்லை மாமி. விற்றமின் சொட்டுப் போத்தில் மூண்டைக் குப்பைக்குள்ளை கண்டனான். நிரம்பினபடி. நான் குடுக்கேக்கை அவள் பக்கத்திலை நிண்டு எண்ணுறாள். எண்ணி முடிச்சு, 'நீங்கள் முதலே குடுத்திட்டியளோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, முதலே குடுத்திட்டியளோ?' எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறாள். மருத்துவிச்சி வந்து பாத்திட்டு, இது சில தாய்மாருக்கு வாறதுதான், ஆனா அவளைத் தனிய விடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. எனக்கு அடுத்த திங்கள் வேலை. இனி லீவு தரமாட்டாங்கள். நீங்கள் எப்பிடியாவது வரவேணும் மாமி."

வருவேன் என்று சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை.

முதலே குடுத்திட்டியளோ. அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எழுதியதில் எங்கும் இந்தச் சொல்லை எனக்காக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். கப்பலுக்கும் இல்லை, சுரங்கத்துக்கும் இல்லை. வள்ளத்தில் நடந்ததை அவள் மறந்துவிட்டாள் என்று இருபத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளையும் ஒரு கைக்குழந்தையையும் ஒரே அறையில் வைத்து அவளுக்கு முன்னால் போய் நான் நின்றால், என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஞாபகம் வந்துவிடும் என்றுதான் பயந்தேன். அவள் மறக்கவேயில்லை.

நவம்பர் 21

இவரிடம் சொன்னேன்: "ரயிலுக்கு ரிக்கற் போடுங்கோ. சனிக்கிழமை."

"கப்பல் மணம் வராதெண்டோ?"

"சுரங்கத்துக்கை இறங்கி ஓடேலாது. அதுதான்."

இவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினியைத் திறந்தார். ஒரு வழி ரிக்கற் போதும் என்றேன்.

நவம்பர் 24

நித்திரை இல்லை. இரைச்சல் உண்டா என்று தெரியவில்லை, கவனிக்கவில்லை.

நவம்பர் 25. சனி

ரயிலுக்குள். காலை பத்தேகாலுக்கு வெளிக்கிட்டது. கார் து நோர் ஸ்டேசனில் கடவுச்சீட்டுப் பார்க்கிற இடம்வரை இவர் வந்தார். கடைசியில் என் கைப்பையைத் தந்துவிட்டு, "நிரூபனுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனீர். நான் ஒண்டும் கேக்கேல்லை. எப்பவாவது சொல்லோணும்போலை இருந்தாச் சொல்லும்" என்றார். இவர் என்னை நீர் என்று சொல்லி எத்தனை வருடம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பத்திரிகை பார்த்தபடியே தூங்குகிறார். வெளியே வெறும் வயல்.

சுரங்கம் வரப்போகிறது என்று அறிவிக்கிறார்கள். சொல்லி முடிக்கவில்லை, இருட்டு. காது அடைத்துவிட்டது. கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிகிறது. எழுத்துக் கோணலாக வருகிறது. மேலே கடல். எழுந்து ஓட வேண்டும்போல இருக்கிறது, ஓட இடமில்லை. இருபது நிமிடம். இதற்குள் எழுதிவிட வேண்டும்.

பேசாலைக் கரையில் வள்ளம் ஓட்டுகிறவன் ஒவ்வொரு தாயாகக் கேட்டுக்கொண்டு வந்தான். "குழந்தைக்குப் பாணி குடுத்தாச்சோ?" இருமலுக்குக் குடிக்கிற பாணி, குடித்தால் நித்திரை வரும். குழந்தை அழுதால் நேவிக்குக் கேட்கும், கேட்டால் வள்ளத்தில் இருக்கிற நாற்பது பேரும் முடிந்தோம். குடுக்காத தாயை ஏற்றமாட்டான். நான் அவன் கண்ணுக்கு முன்னால் நிரூபனுக்கு ஒரு மூடி குடுத்தேன்.

வள்ளம் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் எனக்குச் சத்தி. குடல் வெளியே வருகிறமாதிரி. தலையை வெளியே நீட்டிக்கொண்டே போத்திலைத் தர்மினியிடம் கொடுத்தேன். தம்பி முழிச்சால் இதிலை குடு என்றேன். எவ்வளவு என்று சொன்னேனா? அது எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் இல்லை.

பிறகு தூரத்தில் நேவிப் படகின் மெசின் சத்தம் கேட்டது. எல்லாரும் குனிந்தோம். நிரூபன் முனகினான். நான் இருட்டில் தர்மினியின் மடியில் இருந்த போத்திலைத் தடவி எடுத்து இன்னொரு மூடி குடுத்தேன். அவள் முதலே குடுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. கதைக்கக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தேன்.

மெசின் சத்தம் எங்களைக் கடந்து போய்விட்டது.

விடிய எங்களை ஒரு மணல் திட்டியில் இறக்கிவிட்டுப் போனார்கள். நாலு பக்கமும் தண்ணீர். இந்தியப் பக்கத்து வள்ளம் வரும்வரை அங்கே இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றொன்றாக முழித்து அழுதன. நிரூபன் முழிக்கவில்லை. போத்திலைப் பார்த்தேன். நான் குடுத்த கணக்குக்கு அதில் இன்னும் இருக்க வேண்டும், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தர்மினியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போத்திலைத் தூக்கிக் கடலில் எறிந்தேன். பிள்ளையை அந்த மணலில்தான் வைத்தோம். மண்டபத்தில் பெயர் பதிகிற இடத்தில் கேட்டபோது காய்ச்சல் என்றேன். தர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கிறமாதிரித்தான் சொன்னேன். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று.

வெளிச்சம் வந்துவிட்டது. இங்கிலாந்து. பற்றை, வேலி, ஆடுகள். பக்கத்துக் கிழவர் இன்னும் தூக்கம். நான் செத்துப்போகவில்லை.

நவம்பர் 25, பின்னேரம்

தர்மினி வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்தாள். மெலிந்துவிட்டாள். பிள்ளையைச் சேந்தன் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். காதுத் தையல், பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தர்மினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 26

பத்தியக் கறி வைத்தேன். சொதி வைத்தேன். துணி துவைத்தேன். எல்லாம் செய்தேன், பிள்ளையைத் தொடுவதைத் தவிர. சேந்தன் கெட்டிக்காரன், எல்லாம் கவனிக்கிறார். நாளைக்கு அவர் வேலைக்குப் போய்விடுவார்.

நவம்பர் 27. திங்கள்

சேந்தன் ஏழு மணிக்குப் போனார். கதவடியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிவரை நானும் தர்மினியும் வரவேற்பறையில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். நடுவில் கூடைக்குள் பிள்ளை படுத்திருந்தான். எங்களை ஆராவது ஜன்னலால் பார்த்திருந்தால் இவர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள். அவன் ஒரு தரம் சிணுங்கினான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் எழும்பவில்லை. அவனாகவே அடங்கினான். பதினொன்றுக்குச் சொட்டு மருந்து நேரம் என்று அவளுடைய தொலைபேசி மணி அடித்தது.

"நீங்கள் குடுங்கோ அம்மா."

ரயிலில் எழுதும்போது வந்த வேகம் இப்போது வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தர்மினி, வள்ளத்திலை தம்பிக்கு நான் ரெண்டு தரம் பாணி குடுத்தனான்."

அவள் மணியை நிறுத்தினாள்.

"எப்ப?"

"ஒண்டு கரையிலை. மற்றது நேவிச் சத்தம் கேட்டாப்போலை."

"அது நான் குடுத்ததுக்கு முதலோ, பிறகோ?"

யோசிக்காமல் கேட்டாள். எத்தனை வருடமாக வைத்திருந்த கேள்வியோ.

"பிறகு. நீ குடுத்தது எனக்குத் தெரியாது. விடியப் போத்திலைப் பாத்துத்தான் விளங்கினது."

"நீங்கள் பாத்தது எனக்குத் தெரியும்." அவள் குரல் ஆறு வயதுக் குரலாகப் போய்விட்டது. "என்னைப் பாத்தனீங்கள். பிறகு எறிஞ்சனீங்கள். நான் செய்ததை மறைக்கத்தான் எறிஞ்சனீங்கள் எண்டு நினைச்சன். காய்ச்சல் எண்டு சொன்னதும் அதுக்குத்தான் எண்டு நினைச்சன். நீங்களும் குடுத்தது எனக்குத் தெரியாது அம்மா. நான் தனியத்தான் செய்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாயைப் பூட்டினேன். இருபத்தேழு வருடம் அவளை அந்த வள்ளத்திலேயே தனியாக விட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், கலியாணம் செய்து வைத்தேன், பத்தியத் தூள் வறுத்துக்கொண்டு வந்தேன். இதைச் சொல்லவில்லை.

"போத்திலை உன்ரை கையிலை தந்தது நான். உனக்கு ஆறு வயது. நீ ஒண்டும் செய்யேல்லை, நான் சொன்னதைத்தான் செய்தனி."

"ஒரு மூடிதான் குடுத்தனான் அம்மா. இருட்டிலை கொஞ்சம் ஊத்துப்பட்டது. ஒரு மூடிதான்."

"ஓம் பிள்ளை. ஓம்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியுமோ என்று கேட்டாள். பின்னேரம் எடுத்துச் சொல்லப்போகிறேன், நீயும் பக்கத்தில் இரு என்றேன்.

பிறகு எழும்பினாள். கூடைக்குக் கிட்டப் போய் நின்றாள். குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். வயிறு நொந்திருக்கும், முகம் சுருங்கியது. கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நான் தலை முழுகப்போறன். நாலு நாளாச்சு" என்றாள்.

குளியலறைக் கதவு பூட்டுப்படுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் திறந்தாள்.

நானும் அவனும் தனிய. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், பிடிக்கவில்லைப்போல, வாயைக் கோணினான், முகம் சிவந்து அழத் தொடங்கினான். உடனே என் வலது கை தானாக எழும்பி அவன் வாயை நோக்கிப் போனது. பாதியில் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கைக்கு அந்த இடம் தெரியும். மெசின் சத்தம் கடந்து போகும்வரை எவ்வளவு நேரம் நிரூபன் வாயில் அப்படியே வைத்திருந்தேன் என்பதும் அதற்குத் தெரியும். ரயிலில் அதை எழுதவில்லை. தர்மினியிடமும் இன்னும் சொல்லவில்லை. தலை முழுகிவிட்டு வந்ததும் சொல்ல வேண்டும். சொட்டு மருந்தை அதற்குப் பிறகு இரண்டு பேருமாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டேன். மற்றக் கையால் அவன் தலையைத் தாங்கினேன். அவன் கத்தினான். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு சத்தமா என்றிருந்தது. பக்கத்து வீட்டில் ஆரோ சுவரில் தட்டினார்கள். குளியலறையில் தண்ணீர் நின்றது, தர்மினி காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கும் கேட்கட்டும் என்று பலமாகவே சொன்னேன்.

"அழு ராசா. நல்லாய்க் கத்தி அழு. ஆருக்குக் கேட்டாலும் கேக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திரும்பவும் ஓடத் தொடங்கியது.